புழுக்கத்தில் சைக்கிள்

சைக்கிள் மிதிப்பவர் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. தசைகளின் செயல்திறன் 20 முதல் 25 விழுக்காடு வரைதான். மீதியெல்லாம் உடலுக்குள்ளேயே வெப்பமாகிவிடுகிறது. காற்றடிக்காத நேரத்தில், சமதரையில், சாதாரண சைக்கிளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறக்குறைய 80 வாட் போதும். அந்த 80 வாட்டுக்காக உடல் 350 வாட்டுக்கு மேல் எரிக்கிறது. அதில் 280 வாட்டாவது வெப்பம். வேகத்தை 30 கிலோமீட்டருக்கு ஏற்றினால் பெடலில் 200 வாட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும், வெப்பமும் 700 வாட்டைத் தாண்டும். வேகம் கூடியது ஒன்றரை மடங்கு, வெப்பம் கூடியது இரண்டரை மடங்கு. காற்றைத் தள்ளிக்கொண்டு போவதற்கான திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறுவதால் வரும் விளைவு இது.

அறுபது கிலோ எடையுள்ள ஓர் உடலைச் செல்சியஸில் ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 210 கிலோஜூல் வெப்பம் போதும். மிதிப்பதால் உண்டாகும் வெப்பம் 400 வாட் என்றும், அதில் துளியும் வெளியே போகவில்லை என்றும் வைத்துக் கணக்குப் போட்டால், ஒன்பது நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். 37 டிகிரியில் கிளம்பியவர் அரை மணி நேரத்துக்குள் 40ஐத் தொட்டுவிடுவார். நடைமுறையில் அப்படி நடக்காததற்குக் காரணம், உடல் வெப்பத்தை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருப்பதுதான். குளிர்ந்த நாட்டில் இதில் பெரும்பங்கைச் சுற்றியுள்ள காற்றே இழுத்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் தமிழ்நாட்டுச் சாலையில் அதற்கு வழியில்லை. தோலின் வெப்பநிலை 35 டிகிரியை ஒட்டி இருக்கும்போது காற்று 38 டிகிரியில் இருந்தால் வெப்பம் உள்நோக்கித்தான் பாயும். தலைக்கு மேல் வெயிலும் காலுக்குக் கீழ் தாரும் தங்கள் பங்குக்கு இன்னும் நூறு வாட்டுக்குக் குறையாமல் சேர்க்கும். மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை.

ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் ஆவியானால் 670 வாட் போய்விடும். கடுமையாக மிதிப்பவரைக்கூடக் காப்பாற்ற இது போதும். ஆனால் வியர்வை ஆவியாக வேண்டும். முழங்கையில் வழிந்து ஹேண்டில்பாரில் சொட்டும் வியர்வையும், துண்டால் துடைத்தெடுத்த வியர்வையும் உடலை ஒரு துளிகூடக் குளிர்விப்பதில்லை. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

வியர்வை எவ்வளவு விரைவாக உலரும் என்பதைத் தோலை ஒட்டிய நீராவி அழுத்தத்துக்கும் சுற்றியுள்ள காற்றின் நீராவி அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு தீர்மானிக்கிறது. 35 டிகிரியில் நனைந்திருக்கும் தோலின் மேல் அது 5.6 கிலோபாஸ்கல். மே மாத மதியம் ஒன்றில் வேலூரில் 40 டிகிரி வெப்பம், 25 விழுக்காடு ஈரப்பதம் என்று கொண்டால், அங்குள்ள காற்றின் நீராவி அழுத்தம் 1.9 கிலோபாஸ்கலுக்குள்தான் இருக்கும். அதே மதியம் கடற்காற்று புகுந்துவிட்ட சென்னையில் 34 டிகிரி, 63 விழுக்காடு என்றால் அது 3.4ஐ நெருங்கிவிடும். வியர்வையை இழுக்கும் வேறுபாடு வேலூரில் 3.7, சென்னையில் 2.2. சென்னை ஆறு டிகிரி குறைவு என்று செய்தியில் கேட்டுவிட்டு மிதிக்கக் கிளம்பியவர், வேலூர்க்காரரைவிட அதிகமாக நனைந்து, குறைவாகக் குளிர்வது இதனால்தான். அதற்காக வேலூர் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துபோகும். எவ்வளவு நீர் போனது என்பது சட்டை முதுகில் வெள்ளையாக உப்புப் பூத்த பிறகுதான் தெரியும்.

ஈரப்பதத்தின் விழுக்காட்டை அப்படியே நம்புவதும் ஏமாற்றும். காலை ஆறு மணிக்குச் சென்னையில் 85 விழுக்காடு, மதியம் 63 விழுக்காடு என்று பார்த்துவிட்டு, காலையில் புழுக்கம் அதிகம் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. காற்றிலுள்ள நீராவி இரண்டு வேளையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் காற்று குளிர்ந்திருப்பதால் அதே நீராவி பெரிய விழுக்காடாகத் தெரிகிறது. மிதிப்பவருக்கு இதைவிட உதவும் எண் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள நீராவி பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. வானிலைச் செயலிகள் பலவற்றில் அது இருக்கிறது, பார்ப்பவர்கள்தான் குறைவு. 20க்குக் கீழே இருந்தால் வியர்வை நன்றாக உலரும். கோடைகாலச் சென்னையில் அது 25, 26 என்று நிற்கும், விடிந்தாலும் இறங்காது. ஆனாலும் வெயிலும் தார்ச்சூடும் சேராத விடியற்காலைதான் மிதிக்கச் சிறந்த வேளை.

புழுக்கத்துக்கு எல்லை ஒன்று உண்டு என்பதைச் சுரங்கத் தொழிலாளர்களின் வழியாகத்தான் அறிவியல் தெரிந்துகொண்டது. பிரிட்டிஷ் உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் கார்ன்வால் சுரங்கத்தின் வெம்மையிலும் சூடேற்றிய அறைகளிலும் தாமே உட்கார்ந்து உடல் வெப்பநிலையை அளந்து, 1905இல் முடிவை வெளியிட்டார். சாதாரண வெப்பமானி காட்டும் அளவு எவ்வளவு என்பது அவ்வளவாக முக்கியமில்லை. குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதே உடலின் கதியைத் தீர்மானிக்கிறது என்று கண்டார். அசையாத காற்றில் இந்த ஈரக்குமிழ் அளவு 31 டிகிரியைத் தாண்டினால், வேலை எதுவும் செய்யாமல் சும்மா இருப்பவரின் உடல்சூடும் ஏறத் தொடங்கியது. காற்று ஓடினால் அந்த எல்லை சற்று உயர்ந்தது. நூறாண்டுக்குப் பிறகு, மனித உடலின் எல்லை ஈரக்குமிழ் அளவில் 35 டிகிரி என்று கோட்பாட்டு வழியில் பேசப்பட்டது. 2022இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், உடல்நலமுள்ள இளையவர்களை இலேசான வேலை செய்யவைத்துச் சோதித்தபோது, புழுக்கமான சூழலில் எல்லை மறுபடியும் 31 டிகிரியை ஒட்டியே வந்து நின்றது.

ஈரக்குமிழ் அளவில் வெயிலுக்கு இடமில்லை. 1950களில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் பாரிஸ் ஐலண்ட் பயிற்சி முகாமில் வீரர்கள் வெப்பத்தால் சுருண்டு விழுந்தபோது அந்தக் குறையும் தீர்க்கப்பட்டது. ஈரக்குமிழ் அளவில் 70 விழுக்காடு, வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் வெப்பநிலையில் 20 விழுக்காடு, காற்றின் வெப்பநிலையில் 10 விழுக்காடு என்று மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கினார்கள். ஓட்டப்பந்தயம், கால்பந்து, சைக்கிள் பந்தயம் எல்லாவற்றிலும் இன்று கையாளப்படுவது இந்தக் கலப்பு எண்தான். சைக்கிள் பந்தயங்களை நடத்தும் சர்வதேச அமைப்பான யுசிஐ 2024இல் கொண்டுவந்த வெப்ப விதிமுறையில் 28க்கு மேல் போனால் சிவப்பு நிலை. மே மாதச் சென்னையில் சூரியன் எழுவதற்கு முன்பே இந்த எண் 27ஐ நெருங்கியிருக்கும். மதியம் 33 வரை போகும். இந்தப் பந்தய விதியை அப்படியே எடுத்துக்கொண்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோடைப் பகலில் சைக்கிள் ஓட்டுவதே கேள்விக்குரியதாகிவிடும். பால்காரர் ஓட்டுகிறார், கேனில் டீ விற்பவர் ஓட்டுகிறார், அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளி மாணவர்களும் ஓட்டுகிறார்கள். அவர்களைக் காப்பாற்றுவது இரண்டு. ஒன்று, வெப்பத்துக்குப் பழகிய உடல். மற்றொன்று, சைக்கிள் தானே உண்டாக்கித் தரும் காற்று.

இந்தக் காற்றின் மதிப்பு பலருக்கும் தெரிவதில்லை. அசையாத காற்றில் நிற்பவரின் தோலிலிருந்து ஆவியாக முடிகிற வியர்வையைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு, மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவரின் தோலிலிருந்து ஆவியாக முடியும். மேலே சொன்ன சென்னைப் புழுக்கத்தில் நிற்பவர் ஆவியாதலால் இழக்கக்கூடியது 250 வாட்டைச் சுற்றி. ஓடும் சைக்கிளில் அது ஆயிரம் வாட்டைத் தாண்டும். உடல் உண்டாக்கும் 280 வாட்டை இது சுலபமாக விழுங்கிவிடும். புழுக்கத்திலும் சைக்கிள் ஓட்டம் தாங்கக்கூடியதாக இருப்பதன் இரகசியம் இதுதான். ஓடுபவருக்கும் மண்வெட்டி பிடித்து வேலை செய்பவருக்கும் இந்த அளவுக்குச் சலுகை கிடையாது.

சிக்கல், இந்தக் காற்று நிற்கும் இடங்களில் தொடங்குகிறது. சிக்னலில் காலை ஊன்றிய அரை நிமிடத்தில் நெற்றியிலிருந்து வியர்வை கொட்டும். அதுவரை வியர்க்கவில்லை என்று பொருளல்ல. வந்ததெல்லாம் உடனுக்குடன் உலர்ந்துகொண்டிருந்தது. நின்ற பிறகும் சூடேறிய தசையிலிருந்து இரத்தம் வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவருவது நிற்பதில்லை, வியர்வைச் சுரப்பிகளும் ஓய்வதில்லை, காற்று மட்டும் இல்லை. அதோடு பக்கத்தில் நிற்கும் பேருந்தின் எஞ்சின் சூடும் சேர்ந்துகொள்ளும். ஆகவே நீண்ட தூரம் மிதித்தவர் சட்டென்று நிறுத்தி வெயிலிலேயே நிற்காமல், கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக உருட்டிக்கொண்டு போய் நிழலும் காற்றும் உள்ள இடத்தில் இறங்குவது நல்லது. வீட்டுக்குள் நிலையாகப் பொருத்திய பயிற்சி சைக்கிளில் மின்விசிறி இல்லாமல் மிதிப்பவருக்கு, வெயில் படாவிட்டாலும், முழு நேரமும் இந்தச் சிக்னல் நிலைமைதான்.

ஏற்றம் இதைவிட மோசம். கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளைக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறத் தொடங்குபவர் மணிக்கு எட்டு கிலோமீட்டரில்தான் ஊர்வார். சமதரையில் 20 கிலோமீட்டரில் போனதைவிட அப்போது ஏறக்குறைய இருமடங்கு வெப்பம் உண்டாகிறது. குளிர்விக்கும் காற்றோ பாதியளவுக்குக் குறைந்துவிடுகிறது. மேலே போகப் போகக் கிலோமீட்டர் உயரத்துக்கு ஆறு டிகிரி வீதம் குளிரும் என்பது உண்மைதான். ஆனால் அடிவாரத்தின் சூடான முதல் பத்து வளைவுகளிலேயே முழுத் தெம்பையும் காட்டியவருக்கு அந்தக் குளிர்ச்சி பெரும்பாலும் காலம் கடந்தே வந்து சேரும். மிகச் சிறிய கியரில், பேசினால் மூச்சு முட்டாத வேகத்தில் ஏறுவதே கணக்குக்கு ஒத்துவரும்.

எதிர்காற்று எதிரி, பின்காற்று நண்பன் என்பது சைக்கிள்காரர்களின் நம்பிக்கை. கோடையில் இதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். தெற்கிலிருந்து காற்று வீசும் நாளில் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போகும்போது மிதிப்பது சிரமம், ஆனால் உடல் குளிர்ந்தே இருக்கும். திரும்பும்போது மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவரின் முதுகில் 15 கிலோமீட்டர் வேகக் காற்று தள்ளினால், முகத்தில் படும் காற்று வெறும் ஐந்து கிலோமீட்டர்தான். சுலபமாக வண்டி ஓடுகிற அந்த நேரத்தில்தான் மேலெல்லாம் கசகசத்து மூச்சு முட்டும். அதற்குள் வெயிலும் ஏறியிருக்கும். கோடையில் எதிர்காற்றில் திரும்பும்படி பாதையை அமைத்துக்கொள்வது மோசமான யோசனையல்ல. பகல் சவாரி தவிர்க்க முடியாதென்றால் கடற்காற்று எப்போது வரும் என்பதையும் பார்க்க வேண்டும். மேற்குக் காற்று வலுவாக வீசி அதைத் தடுத்துவிடும் நாட்களில்தான் சென்னை வெந்துபோகிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது.

மிதிப்பவர் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை வியர்ப்பது சாதாரணம்; சிலர் இரண்டு லிட்டரைத் தொடுவார்கள். சவாரிக்கு முன்னும் பின்னும் குறைந்த உடையில் எடை பார்ப்பது இதை அறிய எளிய வழி: ஒரு கிலோ குறைந்தால் குடித்ததற்கு மேல் ஒரு லிட்டர் போயிருக்கிறது. நீர் குறையும்போது இரத்தத்தின் அளவு குறைகிறது. தசைக்கும் தோலுக்கும் இருப்பதைப் பங்கிட்டுக் கொடுக்க இதயம் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. அதே சாலை, அதே வேகம், ஆனால் இரண்டாவது மணி நேரத்தில் நாடித்துடிப்பு பத்து, பதினைந்து கூடியிருப்பதை இதயத்துடிப்பு மானி கட்டியவர்கள் பார்த்திருப்பார்கள். எடையில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் இழக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். முழுவதையும் சாலையிலேயே ஈடுகட்ட வேண்டியதில்லை. வயிறும் குடலும் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் பெரும்பாலும் ஏற்காது.

அளவுக்கு மீறிக் குடிப்பதிலும் ஆபத்து உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடும் அளவுக்கு நீர் குடித்ததே முதன்மைக் காரணமாகத் தெரியவந்தது. ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போகிறது. ஆளுக்கு ஆள் இதில் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிதிப்பவருக்கு வெறும் தண்ணீர் போதாது. லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்புப் போட்ட நீர்மோர் இந்த இழப்பை ஏறக்குறைய அப்படியே ஈடு செய்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வாய்வழி நீரேற்றக் கரைசலிலும் லிட்டருக்கு 2.6 கிராம் உப்புதான். அதிலுள்ள குளுக்கோஸ் சோடியத்தைக் குடல் சுவருக்குள் கூடவே இழுத்துச் செல்கிறது. இரவு நீர் ஊற்றிவைத்த பழைய சோற்றின் நீராகாரம், உப்புப் போட்டால், இதே வேலையைச் செய்யும். இளநீரின் புகழ் இந்த விஷயத்தில் சற்று மிகை. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. தாகத்துக்கு நல்லது, உப்புக்கு அதை நம்ப முடியாது. இரத்தக் கொதிப்புக்கு மருந்து எடுப்பவர்கள் உப்பைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வது வேலூரில் பலன் தரும். அங்கே அது வியர்வைக்குப் பதிலாக ஆவியாகி, உடல்நீரை மிச்சப்படுத்துகிறது. ஏற்கனவே நனைந்து சொட்டிக்கொண்டிருக்கும் சென்னைத் தோலுக்கு இன்னொரு குவளை நீர் பெரிதாக எதையும் கூட்டாது, அது சில்லென்று இருந்தாலொழிய. பத்து டிகிரி நீர் ஒரு லிட்டர், தோலின் சூட்டுக்கு வரும்வரை 105 கிலோஜூல் எடுக்கும். அதே நீர் ஆவியானால் 2,400 கிலோஜூல். ஆவியாதல் முடங்கும் இடத்தில் இந்தச் சிறிய தொகைக்கும் மதிப்புண்டு. பனிக்கட்டி இன்னும் மேல்: ஒரு கிலோ பனிக்கட்டி உருகி உடல்சூட்டை அடைய 480 கிலோஜூலுக்கு மேல் வாங்கிக்கொள்ளும். தொழில்முறைப் பந்தய வீரர்கள் பெண்களின் மெல்லிய காலுறையில் பனிக்கட்டியை நிரப்பி முடிச்சுப் போட்டுப் பிடரியில் செருகிக்கொள்வது வேடிக்கையாகத் தோன்றினாலும் கணக்கில் தவறில்லை.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தடித்த பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, கனக்கிறது, தொடையிலும் அக்குளிலும் உரசிப் புண்ணாக்குகிறது. மெல்லிய, வெளிர்நிற, காற்றோட்டமான துணி எதுவானாலும் சரி. கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு ஓட்டுபவர் பிடரியை வெயிலிலிருந்து மறைக்கிறார். முகத்தை ஓயாமல் துடைத்துக்கொண்டே போகாதவரை அது நல்ல பழக்கம். துளைகள் நிறைந்த ஹெல்மெட் ஓடும்போது தலையைச் சூடாக்குவதில்லை. கோடைக்காக அதைக் கழற்றிவைக்க அறிவியல் காரணம் எதுவுமில்லை. வெயிலில் டயர் வெடிக்கும் என்ற அச்சமும் பெரும்பாலும் தேவையற்றது. 25 டிகிரியில் 80 பிஎஸ்ஐ அடித்த டியூப் 50 டிகிரியில் 88ஐ எட்டும், அவ்வளவுதான். பழைய பஞ்சர் ஒட்டுகளின் பசை இளகிக் காற்று இறங்குவதுதான் கோடையில் அதிகம்.

வெப்பத்துக்கு உடல் பழகும் விதம் வியப்பூட்டுவது. தென்னாப்பிரிக்காவின் ஆழமான தங்கச் சுரங்கங்களில், நுரையீரலைக் கெடுக்கும் பாறைத் தூசியை அடக்க எங்கும் தண்ணீர் தெளித்தார்கள். தூசி அடங்கியது; புழுக்கம் ஏறி, 1920களில் புதிய தொழிலாளர்கள் வெப்பவாதத்தால் இறக்கத் தொடங்கினார்கள். வேலையின் கடுமையை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டி அவர்களைப் பழக்கும் முறை அங்கேதான் பெரிய அளவில் உருவானது. சைக்கிளுக்கும் அதே முறைதான். தினம் ஒரு மணி நேரம், முதல் வாரம் மெதுவாக. மூன்று முதல் ஐந்து நாளில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி, இதயத்தின் பளு குறைகிறது. பத்து முதல் பதினான்கு நாளில் வியர்வை முன்னதாகவே தொடங்கி, அதிகமாகவும் உப்புக் குறைவாகவும் வரப் பழகிவிடுகிறது. குளிரூட்டிய அலுவலகத்திலேயே வாரத்தைக் கழித்துவிட்டு ஞாயிறு மட்டும் நூறு கிலோமீட்டர் மிதிப்பவருக்கு இந்தப் பழக்கம் முழுதாக வாய்ப்பதில்லை. பழக்கத்தை விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் அது கரைந்தும்போகும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து எழுந்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதே முறை.

தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு, தோலில் சிலிர்ப்பு ஆகியவை வந்தால் நிழலில் நிறுத்தி, குடித்து, படுத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பேச்சு குழறுவது, தள்ளாடுவது, காரணமின்றிச் சண்டைக்கு வருவது, எந்தச் சாலையில் இருக்கிறோம் என்று தெரியாமல் விழிப்பது ஆகியவை வேறு வகை. உள்வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி மூளையைத் தொட்டுவிட்டது, வெப்பவாதம். வெப்பவாதம் வந்தவருக்கு வியர்வை நின்று தோல் வறண்டிருக்கும் என்ற பரவலான நம்பிக்கை மிதிப்பவர்கள் விஷயத்தில் ஆபத்தானது; அவர்கள் பெரும்பாலும் நனைந்தே இருப்பார்கள். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் அங்கேயே குளிர்விக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபால்மத் ஓட்டப்பந்தயத்தில் 18 ஆண்டுகளில் வெப்பவாதத்துக்கு ஆளான 274 பேரும், அந்த இடத்திலேயே பனிநீர்த் தொட்டியில் அமிழ்த்தப்பட்டதால் பிழைத்தார்கள். நம் சாலையோரத்தில் பம்ப்செட் தொட்டி இருந்தால் அதுவே போதும். தலையை மட்டும் யாராவது நீருக்கு மேல் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தார்ப்பாயின் ஓரங்களை நான்கு பேர் தூக்கிப் பிடித்து, அதில் கிடத்தி, கிடைக்கிற தண்ணீரையும் பனிக்கட்டியையும் கொட்டி அலசலாம். அதுவும் முடியாதபோது உடல் முழுவதும் இடைவிடாமல் நீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இது காய்ச்சல் அல்ல என்பதால் பாராசிட்டமால் பயன்படாது. அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்கிவிட்டால் பெரும்பாலானோர் முழுதாகத் தேறுவார்கள். எழுந்து உட்கார்ந்து பேசுகிறவரையும் மருத்துவமனைக்கு அனுப்பத்தான் வேண்டும். கல்லீரல், சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தே இரத்தச் சோதனையில் தெரியவரலாம். அதன்பின் குறைந்தது ஒரு வாரம் உடற்பயிற்சி இல்லாமல் இருந்து, மருத்துவர் சரி என்ற பிறகு, குளிர்ந்த வேளையில் சிறு தூரத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.